ராத்திரி அழுகை, காலையில் ஓட்டம்: பிள்ளைகளின் கை, கால், மூட்டு வலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, பாம்பனைத் தாண்டி ராமேஸ்வரம் வரை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களும் வாப்பாக்களும் அப்பத்தாக்களும் கேட்கிற கேள்விகள் இவை. நான் பிசியோதெரபிஸ்ட். மருந்துச் சீட்டு எழுதுவது என் வேலை இல்லை; எதைத் தேய்த்துவிட்டுத் தூங்கவைக்கலாம், எதற்கு அந்த ராத்திரியே வண்டி பிடிக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் இங்கே நான் செய்யப் பார்ப்பது. வருகிறவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விடிந்து எழுந்ததும் பிள்ளை எப்படி நடக்கிறது? கீழே பல பதில்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

ராத்திரி படுத்ததும் "கால் வலிக்குது" என்று அழுகிறான். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறான். நடிக்கிறானா?

நடிப்பு இல்லை. இதை வளர்ச்சி வலி என்பார்கள். பெரும்பாலும் 3 வயதிலிருந்து 12 வயதுக்குள் வரும். கெண்டைச் சதை, தொடையின் முன்பக்கம், முட்டிக்குப் பின்புறம் என்று சதையில் வலிக்கும், மூட்டில் வலிக்காது. இரண்டு காலிலும் வரும், அல்லது இன்றைக்கு ஒரு கால், இன்னொரு நாள் மறு கால். சாயங்காலமோ நடு ராத்திரியோ வந்து, அரை மணி, ஒரு மணி நேரம் படுத்திவிட்டுப் போய்விடும். நாலைந்து நாள் தொடர்ந்து வந்து, அப்புறம் ஒரு மாதம் வராமலும் இருக்கும். கடற்கரையில் இருட்டும் வரை பந்து உதைத்த நாளில் கூடுதலாக வருகிறதா என்று கவனித்தால், பல வீடுகளில் ஆமாம் என்பார்கள்.

செய்ய வேண்டியது நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான். மடியில் காலைப் போட்டுப் பிடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். பாதத்தை மெல்ல மேல்நோக்கி மடக்கி, கெண்டைச் சதை இழுபடும்படி இருபது எண்ணும் வரை பிடித்து விடுங்கள். படுக்கப் போகும் முன்பே இதைத் தினமும் செய்தால் ராத்திரி எழுப்புவது குறையும். மிகவும் அழுதால் ஒரு வேளை பாராசிட்டமால் கொடுக்கலாம்.

ஒரு நல்ல அடையாளம்: வளர்ச்சி வலி உள்ள பிள்ளை காலைப் பிடித்துவிடச் சொல்லிக் கேட்கும். தொட்டாலே கத்துகிற வலி வேறு வகை.

எலும்பு வேகமாக நீளுவதால்தான் இப்படி வலிக்கிறதா?

பெயர்தான் அப்படி. பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது கைக்குழந்தையாக இருக்கும்போதும், பிறகு பருவமடையும் வயதிலும். இந்த வலியோ பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது. உண்மையான காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. நாள் முழுக்க ஆடிய சதையின் அசதி ஒரு பங்கு என்று நினைக்கிறார்கள்.

அப்படியென்றால் எப்போது பயப்பட வேண்டும்?

விடிந்த பிறகும் விந்தி விந்தி நடந்தால். எப்போதும் ஒரே காலில், ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தால். மூட்டு வீங்கியிருந்தால், தொட்டால் சுட்டால். வலியோடு காய்ச்சல் இருந்தால். பிள்ளை தானாகவே விளையாட்டை விட்டு ஓரமாக உட்கார ஆரம்பித்தால். இந்தக் கடைசி அறிகுறியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் சாதாரண வலிக்காக எந்தப் பிள்ளையும் விளையாட்டை விடாது.

இன்னொன்று, சொல்லவே மனம் வராது, ஆனாலும் சொல்ல வேண்டும். ரத்தப் புற்றுநோய் சில பிள்ளைகளுக்கு முதலில் எலும்பு வலியாகத்தான் வெளிப்படும். முகம் வெளுத்துப்போவது, அடிபடாமலே உடம்பில் நீலத் தடிப்பு, விட்டு விட்டுக் காய்ச்சல், எடை இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை சேர்ந்து வந்தால் அந்த வாரமே ரத்தப் பரிசோதனை வேண்டும். அபூர்வமானதுதான். ஆனால் மருந்துக்கடையில் பெயர் இல்லாத பொட்டலத்தில் தரும் "வலி மாத்திரை" பற்றி எச்சரிக்கை: அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சில நாள் வலி அடங்கிவிடும், நோய் மறைந்து நிற்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

காய்ச்சல் அடிக்கிறது, ஒரு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறாள். விடிந்து போனால் போதாதா?

போதாது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். இடுப்பு மூட்டில் சீழ் தேங்கினால் குருத்தெலும்பு நாள்கணக்கில் இல்லை, மணிக்கணக்கில் கெடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். தனுஷ்கோடிப் பக்கம் என்றால் அதற்கும் மேலே. இந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்: அந்த நேரமே 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் சாப்பிடக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திறந்து கழுவ வேண்டிவரலாம்.

இதே மாதிரித் தோன்றும் சாதுவான ஒன்றும் உண்டு. சளிக் காய்ச்சல் வந்து போன ஒரு வாரம், பத்து நாளில், 3 வயது முதல் 10 வயதுக்குள் உள்ள பிள்ளை திடீரென்று நொண்டும். காய்ச்சல் இருக்காது, அல்லது லேசாக இருக்கும். பிள்ளை சோர்ந்து கிடக்காது. இடுப்பு மூட்டில் தற்காலிகமாக நீர் கோத்திருக்கும். ஓய்வு கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் இது அதுவா, அது இதுவா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. டாக்டர் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்து, தேவைப்பட்டால் ஸ்கேன் செய்துதான் சொல்ல முடியும்.

முட்டி வலி என்கிறான். முட்டியை எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

இடுப்பைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டின் வலி நரம்பு வழியாக இறங்கி முட்டியில் தெரியும். பிள்ளை முட்டியைத்தான் பிடித்துக் காட்டும். 4 வயது முதல் 10 வயதுக்குள், குறிப்பாகப் பையன்களுக்கு, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது நசுங்கும் பெர்த்தஸ் நோய் வரலாம். பத்து வயதைத் தாண்டிய, கொஞ்சம் பூசினாற்போல் உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தலையே வளர்ச்சித் தட்டிலிருந்து (எலும்பு நுனியில் வளர்ச்சி நடக்கும் குருத்து அடுக்கு) நழுவலாம். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நடந்தால் சந்தேகப்படுங்கள். நழுவியது தெரிந்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட நடக்கவைக்கக் கூடாது.

கபடி விளையாடுகிறவன், 13 வயது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து நிற்கிறது. தொட்டால் வலி.

முட்டிச் சில்லுக்குக் கீழே, தொடைச் சதையின் தசைநாண் வந்து கால் எலும்பில் ஒட்டும் இடம் அது. வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தாக இருக்கிறது. குதித்து, உட்கார்ந்து, பாய்ந்து இழுக்க இழுக்க அது வீங்கிப் புடைக்கிறது. ஆஸ்குட் ஸ்லாட்டர் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். நோய் என்று பயப்பட வேண்டாம். வளர்ச்சி நின்றதும் வலி நின்றுவிடும். புடைப்பு மட்டும் சிலருக்குக் கடைசி வரை இருக்கும்.

விளையாட்டை அடியோடு நிறுத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊரில் கபடியைப் பிடுங்கினால் பையன் கையில் போன் வரும், அவ்வளவுதான். வலி அடுத்த நாள் காலை வரை நீடித்தால் நேற்று ஆடியது அதிகம் என்று அர்த்தம். அந்த அளவுக்குக் குறைத்து ஆடட்டும். ஆட்டம் முடிந்ததும் ஐஸ், அதன் பிறகு தொடையின் முன்பக்கச் சதையை நீட்டும் பயிற்சி. பந்தயம் நெருங்குகிறது என்று ஊசி போட்டு வலியை மரக்கவைத்து இறக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

8 வயதிலிருந்து 14 வயதுக்குள் குதிகால் வலித்தால் அதுவும் இதே குடும்பம்தான். வெறுங்காலோடு கட்டாந்தரையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு அதிகம். குதிகால் பக்கம் மெத்தென்று இருக்கும் செருப்பு போட்டாலே பாதி குறையும்.

கரண்டைக்கால் பிசகிவிட்டது. சுளுக்கு வழிக்கலாமா? காலால் பிறந்தவர் மிதித்தால் போய்விடும் என்கிறார்களே?

காலால் பிறந்த ஒரு பெரியம்மா எல்லா ஊரிலும் உண்டு. அவர் லேசாகத் தொட்டு அனுப்பினால் எனக்குச் சண்டை இல்லை, மனத்துக்குத் தெம்பு. ஆனால் வீங்கிய காலை எண்ணெய் போட்டு அழுத்தி வழிப்பதும், மிதிப்பதும், வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. பெரியவர்களுக்குச் சுளுக்கு என்றால் அது தசைநார்ப் பிசகு. பிள்ளைகளுக்கு அந்த நாரைவிட எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுதான் பலவீனம். அதனால் "சுளுக்கு" என்று நினைப்பது சில நேரம் தட்டில் விழுந்த விரிசலாக இருக்கும். அதை வழித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாலு எட்டு நடக்க முடியவில்லை, அல்லது எலும்பின் மேலேயே அழுத்தினால் கத்துகிறது என்றால் எக்ஸ்ரே.

முதல் இரண்டு நாள் ஐஸ்தான், சூடு இல்லை. கடற்கரையில் ஐஸுக்கா பஞ்சம்! ஆனால் மீன் பெட்டி ஐஸ் சுத்தமானது இல்லை. பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன் மேல் துண்டைச் சுற்றி வையுங்கள், காயம் இருந்தால் அந்த இடத்தில் வேண்டாம். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். ஐஸை நேராகத் தோலில் வைத்துத் தோல் வெந்தது போல வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். காலை உயர்த்தி வையுங்கள். வீக்கம் வடிந்த பிறகு உப்பு ஒத்தடம் கொடுக்கலாம்; வறுத்த உப்பு முடிச்சை முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

தைலம் பற்றி ஒரு வரி. கற்பூரம் கலந்த எதையும் 2 வயதுக்குக் கீழே தேய்க்காதீர்கள், எந்த வயதுப் பிள்ளைக்கும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் வாய்க்குள் போனாலும் வலிப்பு வரலாம்.

பஸ்ஸில் ஏற்றும்போது கையைப் பிடித்துத் தூக்கினேன். அதிலிருந்து கையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள். 2 வயது.

முழங்கை எலும்பு அதன் வளையத்திலிருந்து நழுவியிருக்கும். 1 வயது முதல் 4 வயது வரை இது சர்வ சாதாரணம். ஏர்வாடி சந்தனக்கூட்டுக் கூட்டத்தில், அக்னி தீர்த்தத்தில் அலை வந்ததும் ஒற்றைக் கையைப் பிடித்து மேலே இழுப்பதில், தட்டாமாலை சுற்றுவதில் வருவது. கை தொங்கிக் கிடக்கும், வீக்கம் இருக்காது. பழகிய டாக்டர் ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே போய்விடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை அந்தக் கையாலேயே மிட்டாய் வாங்கும். நீங்களே யூடியூப் பார்த்துத் திருப்பாதீர்கள். வீக்கம் இருந்தாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ அது எலும்பு முறிவாக இருக்கலாம். இனிமேல் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. புத்தூர் கட்டு கட்டினால் ஆபரேஷன் வேண்டாமே?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக நஷ்டம் இங்கேதான் நடக்கிறது.

நாட்டுக் கட்டு கட்டுகிறவர்களில் கைராசிக்காரர்கள் இருக்கலாம். நேரான, நகராத முறிவு எந்தக் கட்டில் இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கூடிவிடும், பிள்ளை எலும்பின் சுபாவம் அது. பேர் மட்டும் கட்டுக்குப் போகும். சிக்கல் முழங்கை முறிவில். கொடுக்காப்புளி பறிக்க ஏறி, கரையில் ஏற்றிவைத்த வல்லத்திலிருந்து குதித்து, கையை ஊன்றி விழும்போது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும். 5 வயது முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். அந்த இடத்தில்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயும் நரம்புகளும் எலும்பை ஒட்டிப் போகின்றன. உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் மூங்கில் பத்தையும் துணியும் முட்டைப் பற்றும் போட்டு இறுக்கினால், வீங்க இடமில்லாமல் ரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்திலேயே சதை சாக ஆரம்பிக்கும். பிறகு விரல்கள் மடங்கிய படியே காய்ந்துபோகும். எந்தப் பயிற்சியாலும் நான் அதைப் பழைய கையாக்க முடியாது.

எந்தக் கட்டு போட்டிருந்தாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டாக இருந்தாலும் சரி, முதல் இரண்டு நாள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் சட்டென்று சிவப்பு திரும்ப வேண்டும். விரல் குளிர்ந்து, வெளுத்து, மரத்துப்போனாலோ, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரிக் கத்தினாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ கட்டு உடனே தளர்த்தப்பட வேண்டும். "வலி இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று ராத்திரியைக் கழித்துவிடாதீர்கள்.

விழுந்தவுடன்: வளைந்திருக்கும் கையை நேராக்க முயலாதீர்கள். இருக்கிற நிலையிலேயே மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அண்டக் கொடுத்து, துப்பட்டாவால் கழுத்தில் தூளி கட்டுங்கள். சாப்பிடக் கொடுக்காதீர்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓட வேண்டிய காலம் இல்லை.

அடிபடவே இல்லை. ஆனால் ஒரு முட்டி மட்டும் மூன்று வாரமாக வீங்கியிருக்கிறது.

முள் ஏறியதா என்று யோசியுங்கள். கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக்கருவேலம், பனங்காட்டில் ஓலை முனையும் கருக்கும். பையன் பந்து தேடி மண்டியிட்டிருப்பான், முள் ஏறி ஒடிந்திருக்கும், அவனே பிடுங்கிப் போட்டிருப்பான், வீட்டில் சொன்னால் அடி விழும் என்று சொல்லியிருக்க மாட்டான். உள்ளே தங்கிய நுனித் துண்டு மூட்டின் உள்சவ்வை வாரக்கணக்கில் வீங்கவைக்கும். மர முள் எக்ஸ்ரேயில் தெரியாது. அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு உண்டு. முள் விஷயம் சொல்லப்படாததால் மூட்டு வாதம் என்று மருந்து தின்ற பிள்ளைகள் உண்டு. அதனால் திட்டாமல் கேளுங்கள். கடல் முள்ளெலியின் முள்ளும் இதே வேலையைச் செய்யும்.

திருக்கை முள் குத்தினால் அது வேறு கதை. அந்த விஷம் சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய சூட்டு நீரில், சுமார் 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வையுங்கள். வலியில் பிள்ளைக்குச் சூடு உறைக்காது. உங்கள் கையை விட்டுப் பார்த்த பிறகே வையுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. எந்த முள்ளாக இருந்தாலும் 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

வலி மருந்து எவ்வளவு கொடுக்கலாம்?

பாராசிட்டமால்: எடைக்குத்தான் அளவு, வயதுக்கு இல்லை. ஒரு வேளைக்கு, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: கடையில் 5 மில்லியில் 120 இருக்கும் சிரப்பும் உண்டு, 250 இருக்கும் சிரப்பும் உண்டு. முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 5 மில்லிக்கும் சற்றுக் குறைவு. பக்கத்து வீட்டுப் பாட்டிலை வாங்கி அதே அளவு ஊற்றினால் இரண்டு மடங்காகிவிடும், கல்லீரலைப் பாதிக்கும். சமையல் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியில் அளந்து கொடுங்கள்.

இபுபுரோஃபென் டாக்டர் சொன்னால் மட்டும், சாப்பிட்ட பிறகு. டெங்கு சந்தேகம் இருக்கும்போதும், வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும்போதும், அம்மை போட்டிருக்கும்போதும் கூடாது. ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவே கூடாது. நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய பாட்டில் வீட்டில் கிடந்தால் கொட்டிவிடுங்கள்.

காய்ச்சலோடு எல்லா மூட்டும் வலிக்கிறது. சிக்குன்குனியாவா?

இருக்கலாம். 2006-இல் தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நம் பக்கம் குடிநீர் எப்போது வரும் என்று தெரியாமல் டிரம்மிலும் குடத்திலும் சேர்த்து வைக்கிறோம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டெங்குவும் அதே கொசுவால்தான் வருகிறது. இரண்டில் எது என்று தெரியும் வரை பாராசிட்டமாலும் நீராகாரமும் மட்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது என்றால் ஆஸ்பத்திரி. டிரம்முக்குத் துணி கட்டி மூடுங்கள், வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள்.

முதலில் முட்டி வீங்கியது, அது சரியாகி இப்போது கரண்டை, அப்புறம் முழங்கை. தானாகப் போய்விடுகிறதே, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்கு முன் தொண்டை வலி வந்ததா? 5 முதல் 15 வயதுக்குள், பெரிய மூட்டுகளில் இப்படி இடம் மாறி மாறி வரும் வீக்கம் ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அது மூட்டோடு இதயத்தையும் தாக்கும். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். கெட்டுப்போன இதய வால்வு ஆறாது. பென்சத்தைன் பெனிசிலின் ஊசி 21 நாளுக்கு ஒரு முறை, வருஷக்கணக்கில் போட வேண்டியிருக்கும். வலிக்கிற ஊசிதான், பிள்ளை அழும். மூட்டு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் பிறகு வால்வு ஆபரேஷனுக்கு நிற்கிறார்கள்.

காலையில் எழுந்ததும் நடக்க முடியவில்லை, பத்து மணிக்கு மேல் சரியாகிறது. சின்னப் பிள்ளைக்கு வாதம் வருமா?

வரும். வளர்ச்சி வலிக்கு நேர் எதிரான கணக்கு இது. காலையில் விறைத்து, பொழுது ஏற ஏற இளகினால், மூட்டு வீக்கம் 6 வாரத்துக்கு மேல் நின்றால், சிறார் மூட்டுவாதமா என்று பார்க்க வேண்டும். ஆர்.ஏ. என்ற மூட்டுவாத ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் வரும். கண்ணையும் காட்ட வேண்டும், ஏனென்றால் சிவக்காமலே, வலிக்காமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வை போகலாம். இந்த வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும்? கால் வேறு வளைந்திருக்கிறது.

வெயில் வெளியில் அடிக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறது. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். குறையும்தான்.

கால் வளைவுக்கு வயதைப் பாருங்கள். 2 வயது வரை வெளிப்பக்கம் வளைந்திருப்பதும், 3, 4 வயதில் முட்டிகள் இடித்துக்கொள்வதும் இயல்பு. 7 வயதுக்குள் நேராகும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால், 2 வயதுக்கு மேல் வளைவு கூடினால், மணிக்கட்டு தடித்திருந்தால் காட்டுங்கள். 60,000 யூனிட் பொடியை நீங்களாக வாங்கி வாராவாரம் கொடுக்காதீர்கள். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கேடு. கைக்குழந்தைக்கு மட்டும் முதல் ஒரு வருஷம் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து பொதுவாகவே சொல்லப்படுவது.

சாப்பாட்டில் நாம் கொடுத்துவைத்தவர்கள். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி, 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள கேழ்வரகு, கொல்லையில் முருங்கை. டின் பவுடர் தேவையில்லை.

முதுகு வலி என்கிறாள். பையினாலா?

பையை எடை போடுங்கள். 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கைப்படி பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பட்டையையும் மாட்ட வேண்டும். அப்புறம் குடம். பெண் பிள்ளைகள் ஒரே இடுப்பில் குடம் சுமந்து உடம்பு ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தள்ளுவண்டியில் வைத்து அண்ணன் தள்ளட்டும்.

பத்து வயதுக்குக் கீழே முதுகு வலி சாதாரணம் இல்லை. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, குனியாமல் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்து கீழே கிடப்பதை எடுப்பது என்றால் முதுகெலும்புக் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும்.

எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அவன் அப்பா கடலுக்குப் போகிற ராத்திரியெல்லாம் கால் வலிக்கிறது என்கிறான்.

அந்த வலியும் உண்மையான வலிதான். பயம் சதையை இறுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், தூங்காத உடம்புக்கு வலி கூடுதலாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருக்கும்போது குறைகிறதா என்று பாருங்கள். மே மாதம் பள்ளிக்கூடமும் லீவு என்பதால் பள்ளிதான் காரணமா என்றும் யோசிக்க வேண்டும். "ஒன்றும் இல்லை, போய்ப் படு" என்று சொல்லாதீர்கள். காலைப் பிடித்துவிட்டபடி அப்பா எப்போது கரை திரும்புவார் என்று பேசுங்கள். அதே நேரம், வலிக்காகப் பள்ளிக்கூடம் நிற்க வேண்டாம், விளையாட்டும் நிற்க வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

எப்போது ஆரம்பித்தது, எந்த இடம், காலையிலா ராத்திரியா, காய்ச்சல் இருந்ததா, முள் ஏறியதா, என்ன மருந்து கொடுத்தீர்கள், எங்கே கட்டு கட்டினீர்கள். கட்டு கட்டியதை மறைக்காதீர்கள், யாரும் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். விடிந்து எழுந்து கழிப்பறைக்கு நடப்பதைப் பிள்ளைக்குத் தெரியாமல் போனில் ஒரு நிமிடம் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் எந்தப் பிள்ளையும் நொண்டாது. அப்புறம், இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக் கூட்டி வராதீர்கள். தொடை வரை பார்க்க வேண்டும், அரைக்கால் டவுசர் போதும்.